புது மூடிக்கு வைத்த பொட்டு

நைனா, இந்தத் தாளை யாரிடமும் காட்டாதே. உன்னோடு வெள்ளானூர் அறையில் தங்கியிருக்கும் நண்பனிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு என்று சொல்லலாம் என்றிருந்தேன். கிழித்தால் ஒட்டிப் படித்துவிடுவார்கள், அடுப்பில் போடச் சொல்லும்மா என்கிறாள் உன் தங்கை. சொல்வது நான், உன் அம்மா. எழுதுவது அவள். எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். நேற்றிலிருந்து தண்ணீர் லாரிக்கு நிற்கும்போதும், அரிசி களையும்போதும், மாடியில் துணி காயப்போடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் காதில் சொல்லி வைத்திருக்கிறேன். ராத்திரி வேதியியல் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, சமையலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கேஸ் சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவாள். நான் கூடத்தில் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். நான் எழுந்து வந்தால் கதவை வளையலால் தட்டுவேன், வேறு மாதிரி சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் அரிசி டப்பாவுக்குள் போட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். நான் 'ஊடு' என்றால் இவள் 'வீடு' என்று எழுதுகிறாள். "இன்னாடி இது, நான் பேசுனா மாரியே இல்லியே" என்றேன். "எழுதுனா அப்படித்தாம்மா வரும்" என்கிறாள். அதனால் இதில் ஏதாவது ஒரு சொல் உன் அம்மா பேசுகிற மாதிரி இல்லை என்றால், அது பள்ளிக்கூடத்தின் தப்பு.

(அண்ணா, தாளை மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.)

நீ வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாய் என்று பாய் வீட்டுச் சின்னப் பெண் இவளிடம் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலையாம். இனிமேல் ஸ்பானரே தொடமாட்டேன் என்று பாயிடம் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் எண்ணை அப்பா என் போனிலிருந்து எடுத்துவிட்டார். நீயும் பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டாய். நேரில் வரலாம் என்றால், அப்பாவிடம் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவது? கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் நான் தனியாகப் பேருந்து ஏறியதே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி இந்தத் தாள். நாளைக் காலை இவள் பாய் வீட்டுப் பெண்ணிடம் கொடுப்பாள், அவள் தன் அத்தாவிடம் கொடுப்பாள், பாய் உன் கையில் சேர்ப்பார். நீ ஏறுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று உனக்குத் தெரிய வேண்டும். பாயின் கார் அன்றைக்கு நின்றது உன் வேலையால் இல்லை. உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. எப்படி என்று சொல்கிறேன். நடுவில் எழுந்து போய்விடாதே.

அந்தக் கார் நம் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்த நாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கரையான்சாவடியில் துணிக்கடை வைத்திருக்கும் பாயின் தகப்பனார் வாங்கிய கார் அது. வயதில் உன் அப்பாவைவிடப் பெரியது. பெரிய பெண்ணின் நிக்காஹுக்குப் பெண் அதில்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும் என்பது பாயின் ஆசை. ஆனால் சிக்னலில் நின்றால் போதும், உள்ளே ஒரு நாற்றம் வரும், பாயின் மனைவிக்கு இருமல் பிடித்துவிடும். "வூட்டம்மா பின்னாடி ஒக்காந்தா வாந்தி எடுக்குது, நிறுத்துன எடத்துல எல்லாம் ஆயிலு சொட்டுது. பொண்ணு பட்டு கட்டிகினு எப்படி ஒக்காரும்?" என்று கேட்டார். அப்பா, பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். நீ காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு வழி கீது பாய்" என்றாய். அப்பா உன்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை, உன் முகம் காருக்கு அடியில் இருந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது எனக்கு விளக்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? இன்ஜினுக்குள் வெடிக்கிற புகையில் கொஞ்சம் கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் கசியும். எந்த இன்ஜினிலும் கசியும். அது வெளியே போயாக வேண்டும். அந்தக் காலத்துக் காரில் அதற்கு ஒரு குழாயைக் கீழே தொங்கவிட்டிருப்பார்கள். வண்டி ஓடினால் காற்று உரசி அந்தப் புகையை இழுத்துக்கொண்டு போகும். வண்டி நின்றால் இழுக்கக் காற்று ஏது? புகை மேலே ஏறி உட்கார்ந்திருப்பவர் மூக்குக்கு வரும். அந்தக் குழாயை எடுத்துவிட்டு, ஒரு சின்ன வால்வு வைத்து, ஓஸ் போட்டு, அந்தப் புகையை இன்ஜினே திரும்ப உறிஞ்சி எரித்துவிடும்படி செய்யப்போகிறேன் என்றாய். "அப்ப உள்ள வெறுமையாப் பூடாதா?" என்று நான் கேட்டேன். நீ சோற்றுக் கையோடு எழுந்து சமையலறைக்குப் போய், ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, புகையை வெளியே தள்ளுகிற ஃபேனைப் போட்டாய். ஃபேன் முக்கியது. கதவைத் திறக்கப் போனால் யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தது. "பாத்தியா மா? ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கம் நல்ல காத்து உள்ள வரணும். அதுக்குத்தான் ஆயில் ஊத்துற எடத்துல வலை வெச்ச புது மூடி போடறேன். அது இன்ஜினுக்கு மூக்கு. ரெண்டுல எது அடைச்சாலும் மூச்சு முட்டி, எங்க வழி கெடைக்குதோ அங்க பிச்சிக்கும்" என்றாய். அந்தக் கடைசி வார்த்தை என் காதில் விழுந்தது, நைனா. விழுந்தும் பிறகு எனக்கு உதவவில்லை.

அப்பா கூடத்திலிருந்து, "இன்னாடா சமையல் ரூம்ல கிளாசு எடுக்கற? போன்ல படம் பாத்து ரிப்பேர் பண்றவன்லாம் மெக்கானிக்கா?" என்றார். நீ சிரித்துவிட்டு உட்கார்ந்தாய். நான் உனக்கு ரசம் ஊற்றினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'புள்ள சரியாத்தான் சொல்லுது' என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நான் உனக்கு ஒப்புக்கொள்ள வேண்டிய தப்புகளை எண்ணினால் எல்லாம் இதே ஒரு தப்புதான். ஏழாம் வகுப்பில் நீ மிக்சியைப் பிரித்து மாட்டினாய், அது முன்னைவிட நன்றாக ஓடியது. ஒரு திருகாணி மிச்சம் இருக்கிறது என்று அப்பா உன்னை பெல்ட்டால் அடித்தார். அந்தத் திருகாணி மிக்சியுடையதே இல்லை, என் தையல் மிஷினுடையது. நான்தான் அதை அங்கே வைத்திருந்தேன். எனக்கு அப்போதே தெரியும். அடி முடிந்த பிறகு உனக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். பாலிடெக்னிக் விண்ணப்பத்தை நீ வாங்கி வந்தபோதும் அப்படித்தான். "ஷெட்டுல கத்துக்காததையா அங்க சொல்லித் தரப் போறான்?" என்று அவர் கேட்டார். நான் அந்தத் தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் கோபம் அடங்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பேன். அடங்கின பிறகு, ஏன் இப்போது கிளற வேண்டும் என்று நினைப்பேன். இப்படியே உனக்கு இருபத்து மூன்று வயதாகிவிட்டது. நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வந்தால், சண்டை வரும் என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறவனாக மட்டும் இருக்காதே. அதை அடக்கம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது பயம்தான்.

வேலையை நீ எப்படிச் செய்தாய் என்று நான் பார்த்தேன். வால்வை வாங்கி வந்து என் காதருகே வைத்துக் குலுக்கிக் காட்டினாய், டக் டக் என்றது. "இந்தச் சத்தம் வந்தா உசுரோட கீதுன்னு அர்த்தம் மா" என்றாய். ஆயில் துளி ஏறிப் போகாமல் தடுக்க உள்ளே ஒரு தகடு வெட்டி வைத்தாய். அதற்காகப் பக்கத்து லேத் பட்டறையில் இரண்டு நாள் நின்றாய். எல்லாம் மாட்டி முடித்த அன்று இன்ஜினை ஓடவிட்டு, மூடியைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையின் மேல் ஒரு பால் பாக்கெட்டைக் கிழித்து வைத்தாய். அது 'சப்' என்று உள்ளே ஒட்டிக்கொண்டது. உள்ளே இழுக்கிறது, புகை வெளியே வரவில்லை என்று அர்த்தம். பாயின் மனைவி பின் சீட்டில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், ஒரு இருமல் இல்லை. "தம்பி, எங்க மாமனார் இருந்தா உன் கைய முத்தம் குடுத்திருப்பாரு" என்றாள். அப்பா உள்ளே போய் டீ வாங்கிவரச் சொன்னார். உனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். அது அவருக்குப் பெரிய விஷயம். நீ கவனித்தாயா தெரியவில்லை.

அதற்கு அடுத்த நாள் ஆயுத பூஜை. இந்த இடத்தை மெதுவாகப் படி. ஷெட்டைக் கழுவிவிட்டு, கருவிகளையெல்லாம் வாழையிலையில் அடுக்கி, பாயின் காரையும் பானெட்டைத் திறந்து நடுவில் நிறுத்தியிருந்தீர்கள். அப்பா சாமி படத்துக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். நீ எலுமிச்சம்பழம் வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். சந்தனம் கரைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது நான். ஸ்பானர், ஜாக்கி, கம்ப்ரஸர், பேட்டரி, ரேடியேட்டர் எல்லாவற்றுக்கும் வைத்தேன். கடைசியில் அந்தப் புது மூடிக்கு வைத்தேன். பளபளவென்று இருந்தது, நீ முதல்முதலாகத் தனியாகச் செய்த வேலை, அதற்கு ஒரு பொட்டு போதாது என்று தோன்றியது. சுற்றி முழுக்கச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்து, ஒரு சாமந்திப் பூவையும் ஒட்டினேன். மூடியின் விளிம்பில் சுற்றிலும் இருந்த சின்னச் சின்ன ஓட்டைகளில்தான் அது மூச்சு விடுகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

(அண்ணா, இந்த இடத்தை இரண்டு தடவை எழுதி அடித்தேன். அம்மா சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.)

பிறகு நீ பழம் வாங்கி வந்தாய். அப்பா காரை ஸ்டார்ட் செய்தார், கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்து நசுக்கினோம். நீ வைத்த வால்வு நன்றாக வேலை செய்தது, நைனா. அவ்வளவு நன்றாக இழுத்ததால்தான் ஈரச் சந்தனத்தை வலைக்குள் இழுத்துக்கொண்டது. மோசமாக வேலை செய்திருந்தால் அது மேலேயே காய்ந்து உதிர்ந்து போயிருக்கும். பூஜை முடிந்தால் அன்றைக்கு யாரும் கருவியைத் தொடக் கூடாது. மறுநாள் காலை நீ, "பாய் வர்றதுக்குள்ள ஒரு தபா பானெட்டத் தெறந்து பாத்துடறேம்பா" என்றாய். "சாமி கும்ட்ட வண்டிய நோண்டாத. வெச்ச பொட்ட யாராவது தொடைப்பாங்களா? அதுவா உதுரணும்" என்றார் அப்பா. "தொடைக்க மாட்டேம்பா, பாக்கத்தான்." "பாக்கறதுக்கு இன்னா கீது? நேத்து வரிக்கும் ஓடுச்சு இல்ல? உன் வேலை மேல உனக்கே நம்பிக்க இல்லியா?" நீ பானெட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாய். நானும் பக்கத்தில் சுண்டல் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். பாய் வந்தார், சாவியை வாங்கினார், மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். கரையான்சாவடி வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் ஏன் நடந்தது என்று தெரியாமல் நீ மனதில் வைத்துக்கொண்டு திரிகிறாய், அதனால் சொல்கிறேன். அம்பத்தூர் மண்டபத்துக்கு ஆறு பேர் ஏறி, பைபாஸில் வேகமாகப் போய், மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் திணறியது. உள்ளே சேர்ந்த புகைக்குப் போக வழி இல்லை. மூக்கு அடைத்திருந்தது. ஆயில் அளவு பார்க்கிற கம்பியைத் தள்ளிக்கொண்டு ஆயில் மேலே பீய்ச்சி, சூடான குழாயில் பட்டு, பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. தீப்பிடித்துவிட்டது என்று எல்லோரும் அலறி இறங்கினார்கள். கல்யாணப் பெண் மேம்பாலத்தில் வெயிலில் பட்டுப் புடவையோடு நின்றாள். கடைசியில் யாரோ ஒருவருடைய வேனில் போனாள். கட்டி இழுத்துக்கொண்டு காரை ஷெட்டுக்குக் கொண்டுவந்தபோது பாய் ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை. "வண்டிதான, வுடுங்க. பொண்ணு நேரத்துக்குப் போய்ச் சேந்துடுச்சு" என்றுதான் சொன்னார். அவர் தம்பிதான், "கெழவனுக்குப் புது மூக்கு வெச்சா இப்படித்தான் தும்முவான்" என்றார். லேத்துக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அப்பாவால் தாங்க முடியவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஆயிலும் கருப்பும், சந்தனமும் தெரியவில்லை, மூடியும் தெரியவில்லை. நீ பார்க்கக் குனிந்தாய். உன் கையிலிருந்த ஸ்பானரை அவர் பிடுங்கினார். "இந்தக் கை இனிமே என் ஷெட்டுல ஒரு நட்டு கூடத் தொடக் கூடாது. போ. போயி போனப் பாத்துகினு கெட." நீ, "சரிப்பா. தொடல" என்றாய். குழாயடிக்கு வந்து கை கழுவினாய். நான் அங்கேதான் குடத்தோடு நின்றிருந்தேன். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, நகத்தில் ஒரு கருப்புக்கூட இல்லாமல் கழுவினாய். அவ்வளவு சுத்தமாக நீ கை கழுவி நான் பார்த்ததே இல்லை. அப்போதும் நான் கேட்டது, "சாப்டுட்டுப் போறியா?" என்றுதான்.

நீ போய் ஐந்தாம் நாள் ஷெட்டைப் பெருக்கப் போனேன். காரைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார். அதைத் தூக்கினால் ஆயில் நாற்றத்தோடு சந்தன வாசம் வந்தது. உன் தங்கையைக் கூப்பிட்டேன். அவள்தான் பானெட்டைத் திறந்து மூடியைத் திருகி எடுத்தாள். துடைத்துப் பார்த்தால் கீழே விளிம்பு முழுக்கச் சந்தனம் காய்ந்து சிமெண்டு போல இறுகியிருந்தது. அவள் உதட்டில் வைத்து ஊதினாள். கன்னம் உப்பியது, காற்று போகவில்லை. நானும் ஊதிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர ஒரு பொட்டுக் காற்று போகவில்லை. இரண்டு பேரும் தார்ப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து மாறி மாறி ஊதிக்கொண்டிருந்தோம், யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

ஏன் உன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். அவர் நிலைமையைச் சொல்கிறேன். தினமும் காலையில் கம்ப்ரஸரைப் போட்டுவிட்டு, "டேய், ஓஸ எடு" என்று கத்துகிறார். பிறகு தானே எழுந்து போய் எடுக்கிறார். சனிக்கிழமை உன் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய குழாயையே திரும்பப் போடப் போகிறாராம். அந்த வால்வு வைத்த நேரம்தான் எல்லாம் கெட்டது என்கிறார். இப்போது போய், உன் பிள்ளை மேல் தப்பில்லை என்று சொன்னால், நாலு பேர் எதிரில் பிள்ளையை அனுப்பிய மனிதர் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்? அந்தக் கோபம் யார் மேல் இறங்கும் என்று உனக்குத் தெரியும். நான் தாங்குவேன். ஆனால் இவளும் ஷெட்டுக்குள் வந்தாள் என்று தெரிந்தால் என்ன ஆகும்? "பொம்பளப் புள்ளைக்கு ஷெட்டுல இன்னா வேலை? பன்னண்டாவது வரிக்கும் எதுக்கு, படிச்சது போதும்" என்று போன மாதமே ஒரு பேச்சு எடுத்தார். அதைத் திரும்ப எடுக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடக் கூடாது. உன்னைக் காப்பாற்றப் போனால் இவளை விட வேண்டும், இவளைக் காப்பாற்றப் போனால் உன்னை விட வேண்டும். எனக்கு இதற்கு வழி தெரியவில்லை, நைனா. இத்தனை நாளாக யோசித்தும் தெரியவில்லை. அதனால்தான் உனக்கு மட்டும் சொல்கிறேன். இது உனக்கு நியாயம் செய்வது ஆகாது. உண்மையைத் திருட்டுத்தனமாகச் சொல்வதுதான். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

போகிற இடத்தில் யார் திட்டினாலும் சாப்பாட்டைத் தள்ளாதே. கையைப் பெட்ரோலில் கழுவாதே, தோல் வெடித்துவிடும். பெட்டி அடுக்குகிறேன் என்று இருந்துவிடாமல், பக்கத்தில் எங்கேயாவது இன்ஜின் சத்தம் கேட்டால் போய் நின்று பார். உனக்கு அந்தக் கை இருக்கிறது. அப்பா சொன்னதை அந்தக் கை கேட்க வேண்டியதில்லை. பொட்டு வைத்த என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். கோபத்தோடாவது ஒரு நாள் போன் பண்ணு. அம்மா.

அண்ணா, அம்மா சொன்னது அவ்வளவுதான். இதற்குமேல் எழுதுவது நான். அம்மாவுக்கு இது தெரியாது.

பொட்டு வைத்தது அம்மா இல்லை. நான். பொட்டு வைத்த நேரத்தில் அம்மா ஷெட்டுக்குள் வரவே இல்லை, வீட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "எல்லாத்துக்கும் வெச்சுடு, ஒண்ணையும் வுட்றாத" என்று சொன்னது மட்டும்தான் அவள் செய்தது. அப்பாவுடைய ஸ்பானர்களுக்கெல்லாம் ஒரு விரல்தான் வைத்தேன். உன்னுடைய மூடிக்கு நாலு விரலால் அப்பினேன், ஏனென்றால் அது உன்னுடையது. நான் வைத்தேன் என்றே எழுதுகிறேம்மா என்று மாடியில் அம்மாவிடம் சொன்னேன். "வாணாண்டி. அவனுக்குக் கூடப் பொறந்ததுன்னு நீ ஒருத்திதான் கீற. உன் மேல வெறுப்பு வந்துட்டா அவனுக்கு இந்த ஊட்ல இன்னா மிச்சம் கீது? என் மேல கோவம்னா நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் அழுததை எழுத வேண்டாம் என்றாள். அழுதாள்.

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். ஆனால் என்னால் அப்படியே மடிக்க முடியவில்லை. மிக்சித் திருகாணியைப் பற்றி எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

மூடியை இதோடு அனுப்புகிறேன். டிபன் பாக்ஸில் வைத்துப் பாய் வீட்டுப் பெண்ணிடம் கொடுப்பேன். சந்தனத்தைச் சுரண்டிவிட்டு அனுப்பு என்றாள் அம்மா. நான் சுரண்டவில்லை. நீ உதட்டில் வைத்து ஊதிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் உனக்கு நம்பிக்கை வரும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் விரல் தடம் நாலு தெரியும். அம்மாவின் விரல் அவ்வளவு சின்னது இல்லை.

அப்பா சனிக்கிழமை வால்வைக் கழற்றுவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளாக அவர் எதிரில் போய் நிற்கிறேன். "இன்னா?" என்கிறார். "தண்ணி வேணுமாப்பா" என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார். ஆனால் நீ ஒரு தடவை வந்து ஷெட் வாசலில் நின்றால் போதும், உள்ளேகூட வர வேண்டாம், நான் சொல்லிவிடுவேன். அப்பா உன்னைத் திட்டுவதற்குள் சொல்லிவிடுவேன். வியாழக்கிழமை விமானத்துக்குப் போகும்போது இந்த வழியாகத்தானே, ஒரு ஐந்து நிமிஷம்

கதவைத் தட்டுகிறார்கள். வளையல் சத்தம் இல்லை. உள்ளங்கை. மூடி இன்னும் மேடைமேலேயே